யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் மணிபிளான்ட்: கொடி நீள்கிறது, இலை ஏன் சிறுக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், தங்கச்சி. யாழ். திருநெல்வேலியில் உங்கள் வீட்டு ஹோலில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் உயரமான தட்டில் எட்டு மாதமாக ஒரு மணிபிளான்ட் இருக்கிறது. வாங்கும்போது இலை உள்ளங்கை அளவு. இப்போது கொடி ஆறடி தொங்குகிறது, ஆனால் புது இலைகள் வெற்றிலைக் கொழுந்து அளவுக்குச் சிறுத்துவிட்டன. கணுவுக்குக் கணு நீண்ட இடைவெளி. மஞ்சள் வரிகள் மங்கிவிட்டன. அடியில் இலைகள் பழுத்து விழுகின்றன, மேலே நுனிகள் கருகுகின்றன. தினமும் காலையில் ஒரு செம்பு தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன், என்ன குறை வைத்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் குறை வைக்கவில்லை. தண்ணீர் கூடிவிட்டது, வெளிச்சம் போதவில்லை, கொடிக்கு ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. இந்த மூன்றும்தான். இதில் மூன்றாவதை அநேகமானவர்கள் ஒரு குறையாகவே நினைப்பதில்லை. ஆனால் இலை சிறுப்பதற்கு வெளிச்சத்துக்கு அடுத்த பெரிய காரணம் அதுதான்.

இந்தக் கொடிக்கு ஆங்கிலத்தில் 'சிலோன் கிறீப்பர்' என்றும் ஒரு பெயர் உண்டு. அதை வைத்து இது நம் நாட்டுக் கொடி என்று சிலர் நினைக்கிறார்கள். இதன் சொந்த இடம் பசிபிக் கடலில், பிரெஞ்சு பொலினீசியாவில் உள்ள மூரேயா தீவு. 1880இல் முதன்முதல் விவரித்து எழுதினார்கள். அதன் பிறகு தாவரவியலாளர்கள் பெயரை இரண்டு மூன்று தடவை மாற்றி, இப்போது எபிப்ரெம்னம் ஓரியம் என்கிறார்கள். குடும்பம் மட்டும் நமக்கு நன்கு தெரிந்த குடும்பம்: சேம்பு, கருணை, மருந்துக்கடை ஆனைத்திப்பிலி எல்லாம் இதன் சொந்தக்காரர்தான். காட்டில் பெரிய மரத்தின் அடியில் முளைத்து, அடிமரத்தைப் பற்றி, வெளிச்சத்தைத் தேடி இருபது மீற்றர் வரை ஏறும். ஏற ஏற இலை பெரிதாகும். முதிர்ந்த இலை ஒரு மீற்றர் நீளம்கூட வரும், ஓரங்கள் கிழிந்து தென்னோலை போல் பிரியும். நாம் சாடியில் பார்ப்பது எல்லாம் அதன் குழந்தைப் பருவ இலை. ஏற இடம் கிடைக்காமல் தொங்கவிட்டால், 'மரம் இன்னும் அகப்படவில்லை' என்று கொடி ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற கொடி இலைக்குச் செலவழிக்காது, தண்டை நீட்டும். மிளகு வைத்தவர்களுக்கு இது தெரியும். நிலத்தில் ஓடும் கொடி வேறு, தடியில் ஏறும் கொடி வேறு.

எனக்கு இது புத்தகத்தில் படித்து விளங்கியதல்ல. 1995 ஐப்பசிக் கடைசியில் போரால் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது, கோண்டாவில் வீட்டில் அம்மாவின் மணிபிளான்ட் சாடியைக் கிணற்றடி மாமரத்துக்குக் கீழே விட்டுவிட்டுப் போனோம். அடுத்த வருடம் சித்திரை கழிந்து திரும்பி வந்தோம். சாடி வெடித்துக் கிடந்தது. கொடி மண்ணில் வேர்விட்டு, மாரி மழை முழுவதையும் குடித்து, மாமரத்தைப் பிடித்து என் தலைக்கு மேலே போயிருந்தது. வீட்டுக்குள் இருந்தவரை மூன்று விரல் அகலத்துக்கு மேல் அதில் இலை வந்ததில்லை. மரத்தில் இருந்த இலையின் மேல் என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். கையைச் சுற்றி இலை தெரிந்தது. அம்மா கிணற்றுக்கட்டில் இருந்து அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். 'குறைந்த வெளிச்சத்திலும் வளரும்' என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். சாகாது என்பதுதான் அதன் அர்த்தம். தொலைக்காட்சிக்குப் பக்கத்துத் தட்டு யன்னலிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இருக்கும் என்று நினைக்கிறேன். நம் கண் அந்த இருட்டுக்குப் பழகிவிடுவதால் அது வெளிச்சமாகத்தான் தெரியும். பகல் பன்னிரண்டு மணிக்கு லைற் போடாமல், சாடி இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையைப் பிடியுங்கள். ஓரம் மங்கலான ஒரு நிழல் விழ வேண்டும். நிழலே விழாவிட்டால் அந்த இடத்து வெளிச்சம் போதாது. வெட்டினாற்போல் கரிய நிழல் விழுந்தால் அது நேர் வெய்யில், இலை வெந்துவிடும்.

யன்னல் விஷயத்தில் குளிர்நாட்டுப் புத்தகங்களை அப்படியே நம்பாதீர்கள். 'வடக்கு யன்னலில் வெய்யிலே வராது, தெற்கு யன்னல்தான் வெளிச்சம்' என்பது அவர்களுக்குச் சரி. யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் நேரே உச்சிக்கு வருகிறது. அன்றிலிருந்து ஆவணிக் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வைகாசி, ஆனி, ஆடியில் வடக்கு யன்னல் கட்டில் வைத்த கொடியில் வெய்யில் படும், கருகின பழுப்புத் திட்டு வரும். மார்கழி, தையில் அதே வெய்யில் தெற்கு யன்னலால் சரிந்து உள்ளே வரும். ஆகவே ஒரே இடத்தில் வருடம் முழுக்க வைக்க விரும்பினால் கிழக்கு யன்னல்தான் நல்லது. காலை வெய்யில் ஒரு மணித்தியாலம் பட்டாலும் அது சுடாது. மேற்கு யன்னல் என்றால் மெல்லிய திரைச்சீலைக்குப் பின்னால் வையுங்கள். விறாந்தை உள்ள வீடு என்றால் இன்னும் நல்லது, விறாந்தையின் உட்பக்கச் சுவர்தான் இந்தக் கொடிக்கு வீட்டிலேயே சிறந்த இடம்.

வெளிச்சம் கூடினதும் மஞ்சள் வரி தானாகத் திரும்பும், ஆனால் புது இலையில் மட்டும். மங்கிப்போன பழைய இலை அப்படியேதான் இருக்கும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள் கன்று வைப்பவர்கள் தோற்கிற இடம் இதுதான். தினமும் ஒரு செம்பு என்பது முற்றத்து வெய்யிலில் நிற்கும் செவ்வரத்தைக்குச் சரி. இருட்டு மூலையில் நிற்கும் சாடி அதில் கால்வாசியைக்கூடக் குடிக்காது. மீதி அடியில் நின்று, வேருக்குக் காற்று இல்லாமல் போய், வேர் அழுகும். அழுகின வேரால் தண்ணீர் இழுக்க முடியாது, அதனால் இலை வாடும். வாடுகிறதே என்று இன்னொரு செம்பு ஊற்றுவோம். அதோடு முடிந்தது.

கணக்கு வேண்டாம், விரல் போதும். சுட்டுவிரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரமாக மண் ஒட்டினால் இன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால், அடித் துவாரத்தால் வடியும் வரை நன்றாக ஊற்றி, வடிந்த தண்ணீரைத் தட்டில் விடாமல் கொட்டுங்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தேவைப்படலாம். கார்த்திகை, மார்கழியில் பத்து நாளானாலும் மண் ஈரமாகவே இருக்கும். இன்னொரு வழி, சாடியைத் தூக்கிப் பார்ப்பது. இரண்டு வாரம் பழகினால் பாரத்திலேயே தெரிந்துவிடும்.

இனி, எந்தத் தண்ணீர்? நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் நமக்கு இல்லை. மழை கல்லுக்குள் இறங்கி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கேத்தலுக்குள் படிகிற வெள்ளைப் படை அதுதான். அதே படை உங்கள் சாடி மண்ணிலும் படியும். வெளியில் நிற்கும் மரத்தை வருடா வருடம் மாரி கழுவிவிடுகிறது. வீட்டுக்குள் நிற்கும் சாடியில் மழை பெய்வதில்லை. மாதக்கணக்கில் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்துகொண்டே போகும். மண்ணின் மேல் வெள்ளைப் பூச்சு, மண்சாடி என்றால் வெளிப்பக்கத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு தோற்றம், இலை நுனி கருகல், இவை அதன் அடையாளங்கள். புதிதாக வரும் இலை நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் வெளிறியும் இருந்தால், சுண்ணாம்பு கூடியதால் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை என்று பொருள். அடி இலை பழுப்பது தண்ணீர் கூடியதால், நுனி இலை வெளிறுவது தண்ணீரின் தன்மையால் என்று பிரித்துப் பார்க்கலாம். அநேகமாக அந்தக் கணிப்புத் தவறாது. மாதத்துக்கு ஓர் அடி இலை பழுத்தால் அது வயது, அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

கரையோரத்தில், கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவராக உள்ள வீடுகளில், அந்தத் தண்ணீரை இந்தக் கொடிக்கு விடவே விடாதீர்கள். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ளவர்கள் பயமில்லாமல் விடலாம், ஆனால் மாதத்துக்கு ஒருமுறை மழைநீரால் சாடியைக் கழுவ வேண்டும். கழுவுவது என்றால், குளியலறையில் வைத்து, சாடி கொள்ளும் அளவைப்போல் மூன்று நான்கு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியால் ஓட விடுவது. மழைநீர் பிடித்து வைக்க வசதி இல்லையா? ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது, ஒரு வாளி வைத்துப் பிடியுங்கள். வீட்டில் ஆர்ஓ வடிகட்டி இருந்தால் அதிலிருந்து கழிந்து வெளியேறும் தண்ணீரைக் கன்றுக்கு ஊற்ற வேண்டாம். வடிகட்டி நீக்கின உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஐப்பசியில் மழை தொடங்கினதும் இரண்டு நாள் சாடியை மாமர நிழலில் வெளியே விடுங்கள். அதைவிட நல்ல வைத்தியம் என்னிடம் இல்லை.

மண் இல்லாமல் போத்தல் தண்ணீரில் வைப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அடுப்படி யன்னலில் பழைய நெல்லிக் கிறஷ் போத்தலில் ஒரு கொடி இல்லாத வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. அது வருடக்கணக்கில் இருக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் ஒன்றை மன்றாட்டமாகக் கேட்கிறேன்: வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஏறக்குறைய ஏழு பத்து நாள் போதும். தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு நிரப்பினாலும் போதாது. அது முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். போத்தல் தூரிகையால் உள்ளே தேய்த்துக் கழுவுங்கள், வாயில் கொஞ்சம் பஞ்சை அடையுங்கள். சாடிக்குக் கீழே உள்ள தட்டும் அப்படித்தான். மழைநீர் பிடிக்கிற வாளிக்கு மெல்லிய துணி கட்டுங்கள். மாரி காலத்தில் ஒரு போத்தலுக்காக வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரக் கூடாது.

இப்போது உங்கள் கொடிக்கு என்ன செய்வது என்று பார்ப்போம். சாடியைச் சரித்து, அடியில் தட்டி, கன்றை மண்ணோடு வெளியே எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ மண்ணிறமாகவோ, இழுத்தால் விறைப்பாக இருக்கும். அழுகின வேர் கறுத்து, இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் கழன்று கையில் வரும், உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சும். மணத்திலேயே தெரியும், ஊறின கிடுகு நாறுவதுபோல் இருக்கும். கறுத்ததை எல்லாம் வெட்டி எறியுங்கள். ஆறடிக் கொடியையும் அப்படியே வைத்திருக்க வேண்டாம். மனம் வராது, ஆனாலும் வெட்டுங்கள். சாடியில் ஒரு சாண் விட்டால் போதும், அதிலிருந்து தளிர்க்கும். வெட்டின கொடியை, ஒவ்வொன்றிலும் இரண்டு கணு வருகிற மாதிரித் துண்டு போடுங்கள். கணுவில் பழுப்பாக ஒரு சிறு மொட்டு முட்டிக்கொண்டு நிற்கும், வேர் அதிலிருந்துதான் வரும். கணு இல்லாத வெறும் இலையும் காம்பும் எத்தனை நாள் தண்ணீரில் நின்றாலும் கொடியாகாது.

துண்டுகளைத் தண்ணீரில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் வரும். இரண்டு அங்குலம் ஆனதும் ஐந்தாறு துண்டுகளை ஒரே சாடியில் சேர்த்து நடுங்கள், அப்போதுதான் சாடி நிறைந்து தெரியும். இந்தக் கொடி தானாகப் பூத்ததாக 1964க்குப் பிறகு பதிவு இல்லை. பூப்பதற்குத் தேவையான ஜிபரெலின் என்ற ஹோர்மோனைச் செய்கிற மரபணு இதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே உங்கள் சாடியில் உள்ளதும் என்னிடம் உள்ளதும் விதையில் வந்தவை அல்ல, கைக்குக் கை மாறி வந்த துண்டுகள். களவெடுத்து வைத்தால்தான் நன்றாக வளரும் என்று ஊரில் சொல்வார்களே, கேட்டு வாங்கினாலும் அதே வளர்த்திதான். மிஞ்சின துண்டை அயலில் கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

மண்ணைப் பொறுத்தவரை, நம் செம்மண் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பொன். ஆனால் அதை மட்டும் சாடிக்குள் போட்டு வீட்டுக்குள் வைத்தால் இறுகிவிடும். செம்மண் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, உடைத்த ஓட்டுத் துண்டோ ஆற்று மணலோ அரைப் பங்கு, உக்கின கூட்டெரு ஒரு கைப்பிடி. தும்புத்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அடியில் துவாரம் இல்லாத அழகுச் சாடி வாங்கியிருந்தால், துவாரம் உள்ள சிறிய சாடியில் நட்டு அதற்குள் இறக்கி வையுங்கள்.

இனித் தடி. கடையில் பாசி சுற்றின கம்பு விற்கிறார்கள், நல்ல விலை. நமக்கு அது தேவையில்லை, தென்னையும் பனையும் இருக்கின்றன. மூன்றடி பிவிசி குழாய்த் துண்டு ஒன்றோ நன்றாகக் காய்ந்த கம்பு ஒன்றோ எடுங்கள். வேலிக்கு நடுகிற பச்சைக் கிளுவைக் கதியாலையோ பூவரசங் கதியாலையோ குத்தாதீர்கள். அது சாடிக்குள்ளேயே துளிர்த்து, கொடிக்குரிய சாப்பாட்டைத் தின்னும். கழன்று விழுந்த பன்னாடையை ஊறவைத்து, தடியைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி, தும்புக் கயிற்றால் சாண் இடைவெளியில் கட்டுங்கள். பன்னாடைக்கு உள்ளே கொஞ்சம் பொச்சுத் தும்பை அடைத்தால் ஈரம் இன்னும் நிற்கும். நடும்போதே தடியைச் சாடியின் அடிவரை இறக்கிவிடுங்கள், பிறகு குத்தினால் வேர் அறும்.

கட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. கொடியை உற்றுப் பார்த்தால் ஒரு பக்கம் இலை, மறுபக்கம் கணுவில் அந்த வேர் மொட்டு. மொட்டு உள்ள பக்கம் பன்னாடையில் படும்படி வைத்து, பழைய சீலைக் கிழிசலால் தண்டைத் தளர்வாகக் கட்டுங்கள். இலைக்காம்பைக் கட்டக் கூடாது, இலை வெளிச்சத்துக்குத் திரும்ப வேண்டும். தினமும் காலையில் ஊற்றுகிற அந்த ஒரு செம்பை விடமுடியாது என்றால், அதில் கால்வாசியைத் தடியில் தெளியுங்கள், மண்ணில் அல்ல. ஈரமான தடியில்தான் வேர் பிடிக்கும். இரண்டு மூன்று கணு பிடித்துவிட்டால் கட்டை அவிழ்க்கலாம். அதன்பிறகு வருகிற ஒவ்வோர் இலையும் முன்னதைவிடக் கொஞ்சம் பெரிதாக வருவதைப் பார்ப்பீர்கள். சுவரில் ஏற விடலாமா என்று கேட்டால், விடலாம், ஆனால் பிடுங்கும்போது டிஸ்ரெம்பர் பூச்சும் வேரோடு வரும்.

உரத்துக்கு அவசரப்படாதீர்கள். வேர் அழுகின கன்றுக்கு இரண்டு மாதம் ஒன்றும் போட வேண்டாம். அதன்பின் அல்பர்ட் கரைசலை, பொதியில் சொன்ன அளவில் பாதியாகக் கலந்து மாதத்துக்கு ஒருமுறை விடலாம். ஆட்டெரு வெளியில் அருமை, ஹோலுக்குள் மணமும் சிறு ஈயும் வரும். ஃபான் நேரே அடிக்கிற இடத்தையும் ஏசி காற்று விழுகிற இடத்தையும் தவிருங்கள். சோளகத்தில் யன்னலால் வருகிற செம்புழுதி இலையில் படியும். ஈரத்துணியால் இலையின் இரண்டு பக்கத்தையும் துடையுங்கள். அப்படித் துடைக்கிறபோதே கணு இடுக்கில் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இருந்தால் பஞ்சில் சேர்ஜிக்கல் ஸ்பிரிற் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து, வாரம் ஒருமுறை மூன்று தடவை திரும்பச் செய்யுங்கள். காற்றைச் சுத்திகரிக்கும் என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம். அதற்கு ஆதாரமாகக் காட்டுகிற, 1989இல் நாசா செய்த ஆய்வு மூடின பெட்டிக்குள் செய்தது, யன்னல் திறந்த நம் வீட்டுக்கு அது பொருந்தாது.

வீட்டில் தவழ்கிற பிள்ளை, பூனை, நாய் இருந்தால் தொங்குகிற கொடி அவர்கள் வாய்க்கு எட்டக் கூடாது. கருணைக்கிழங்கு நாக்கில் கடிப்பது எதனாலோ அதே கல்சியம் ஒக்சலேற்று ஊசிகள் இந்த இலையிலும் தண்டிலும் உண்டு. வாய் வீங்கும், எரியும். வெட்டின கொடியை ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். வெட்டும்போது சாறு பட்டு எனக்கே கை அரித்திருக்கிறது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இவ்வளவையும் செய்த பிறகும் முதல் மாதம் ஒன்றும் நடக்காத மாதிரித்தான் இருக்கும். கீழே வேர் விடுகிற காலம் அது, சாடியைத் திரும்பத் திரும்ப இடம் மாற்ற வேண்டாம். இப்போது இருக்கிற சிறிய இலைகள் இனிப் பெரிதாகாது, விரிந்து முற்றின இலை அதோடு நின்றுவிடும். நுனியில் சுருட்டு மாதிரிச் சுருண்டு வருகிற புது இலையை மட்டும் பாருங்கள். அது விரிந்ததும், அதற்கு முந்தின இலையின் மேல் வைத்து அளந்து பாருங்கள். அது பெரிதாக இருந்தால் இடமும் தண்ணீரும் சரி, கையை எடுத்துவிடுங்கள். அதே அளவாகவோ சிறிதாகவோ வந்தால், சாடியை யன்னலுக்கு இன்னும் இரண்டடி கிட்டக் கொண்டுபோங்கள்.